துயிலெழுந்து திகைக்கும் கணினி

நோயுற்றானொருவனை மருத்துவனிடம் அழைத்துச் செல்கின்றோம். அம்மருத்துவன் நாடியைத் தொட்டுப் பாராமலும், 'நோய் எப்பொழுது தொடங்கிற்று?' என்று ஒரு சொல் வினவாமலும், 'இவனுடைய நினைவு முழுவதையும் துடைத்துவிட்டால் எல்லாம் சரியாய்விடும்' என்று கூறுவானாயின், நாம் அவ்விடத்தில் ஒரு கணமும் நில்லோம். ஆயினும், துயிலினின்று எழுந்து அசைவற்று நிற்கும் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டு செல்லும்பொழுது மட்டும், 'ஃபார்மட் பண்ணிவிடலாம்' என்னும் இதையொத்த விடையைத் தலையசைத்து ஏற்று வருகின்றோம். தாம்பரம் இரயில் நிலையத்தின் இருமருங்கிலும், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களிலும், தொலைவு சென்று ரிச்சி தெருவிலுங்கூட, நம் மாணவர் பலரும் கேட்டு மீளும் விடை இதுவே.

இவ்வழக்கம் பிழையுடையது என்பதே என் கருத்து. கணினி துயிலெழும் வழியில் எந்தப் படியில் நின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அறிந்தபின் ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து பார்த்தல் வேண்டும். அழித்தல் என்பது ஏனைய வழியெல்லாம் அடைபட்ட பின்னர் எஞ்சும் கடைசி வழியாதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்குக் கணினி நூலிற் பட்டம் பெற்றிருத்தல் வேண்டுவதில்லை. பொறுமையும், கண்டதைக் கண்டவாறே குறித்துக்கொள்ளும் பழக்கமும் உடையார் எவர்க்கும் இது கைகூடும்.

'தமிழ் பயில்வானுக்கு இதில் என்ன வேலை?' என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இந்நாளில் தமிழ் மாணவன் எழுதும் கட்டுரையும், ஊரூராய்ச் சென்று தொகுக்கும் சொற்களும், முதியோர் வாயிற் கேட்டுப் பதிவு செய்யும் பாட்டும் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. ஏட்டைக் காக்க அறியாதவன் ஏடு படித்து ஆவதென்? ஆகலின் இது நம் வேலையே.

முதலில் துயிலின் இயல்பைக் காண்போம். கணினியின் துயில் இருவகைத்து. மூடியைக் கவிழ்த்தவுடன் பெரும்பாலும் நிகழ்வது சிறுதுயில். 'ஸ்லீப்' என்று நாம் வழங்குவது அது. இந்நிலையில் ரேம் என்னும் நினைவகத்திற்குச் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்கலம் முற்றும் வற்றினால் அந்நினைவும் அழியும். மற்றொன்று நெடுந்துயில், 'ஹைபர்னேட்' என்பது இதுவே. இதனை மேற்கொள்ளுமுன், கணினி தன் நினைவகத்திலுள்ள செய்திகளை ஹார்டு டிஸ்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ எழுதி வைத்துவிட்டு முற்றிலும் அணைந்துவிடும். மீண்டும் பொத்தானை அழுத்தியவுடன், எழுதி வைத்ததைப் படித்து நினைவகத்தை நிரப்பி, விட்ட இடத்தினின்று தொடரும். சிறுதுயில் கொள்வோன் செய்தியை மனத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணயர்கின்றான். நெடுந்துயில் கொள்வோன் அதனை ஓர் ஓலையில் எழுதித் தலைமாட்டில் வைத்துவிட்டு உறங்குகின்றான்.

இத்துயில்களுக்கு விதி வகுத்தது, 1996-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா என்னும் மூன்று நிறுவனங்களும் கூடி வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் நெறிமுறையாகும். அதன்கண் சிறுதுயில் எஸ்-3 எனவும், நெடுந்துயில் எஸ்-4 எனவும் எண் பெறும். ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். விதி வகுத்தோர் சிலர். அவ்விதியின்படி கணினியின் பயாஸை எழுதுவோர் வேறு சிலர். திரை, வட்டு, வைஃபை முதலிய ஒவ்வோர் உறுப்பையும் இயக்கும் டிரைவர்களை எழுதுவோர் மேலும் பலர். இவர் அனைவரும் ஒருவரையொருவர் கண்டிராதவர். ஒருவர் விதியைச் சிறிது வழுவினும் அவ்வழு மற்றைப் பொழுதிற் புலப்படாமல், துயிலெழும் அந்த ஒரு கணத்திலேயே வெளிப்படும். எல்லா உறுப்புகளும் ஒருங்கே எழுந்து ஒரே சொல்லைச் சொல்ல வேண்டிய கணம் அதுவாகலின் என்க.

நெடுந்துயில் நமக்கு வேண்டாத ஆடம்பரம் என்று கருதுதல் பொருந்தாது. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கே நாள்தோறும் இரண்டு மணிநேர மின்வெட்டு இருந்தது. புறமாவட்டங்களில் அதனினும் மிகுதி. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்துகொண்டது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் தாம்பரம் வட்டாரத்து மரங்கள் எண்ணிறந்தன வீழ்ந்து, தெருக்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் அந்நாட்களை மீண்டும் நினைவூட்டிச் சென்றது. இத்தகைய இரவுகளில் மின்கலம் வற்றும் எல்லையை அடைந்தவுடன், விண்டோஸ் இயங்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் தாமாகவே நெடுந்துயில் கொள்ளுமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆகலின் அதனை ஒருநாளும் விரும்பி அழைத்திராத மாணவனும், மழைக்காலத்து இரவொன்றில் அதனைத் தன் மேசையிலேயே எதிர்ப்படுகின்றான்.

இனி, கணினி நெடுந்துயிலினின்று எழும் முறையை நான்கு படிகளாகப் பகுத்துக்கொள்ளலாம். முதற்படியில் பயாஸ் உறுப்புகளை எழுப்புகின்றது. உற்பத்தியாளரின் முத்திரை திரையில் தோன்றுவது அப்பொழுது. இரண்டாம் படியில், எழுதி வைத்த நினைவு வட்டிலிருந்து படிக்கப்படுகின்றது. மூன்றாம் படியில் டிரைவர்கள் தத்தம் உறுப்புகளை மீண்டும் இயக்குகின்றன. நான்காம் படியில், உறைந்திருந்த செயலிகள் விடுவிக்கப்பட்டு, கடவுச்சொல் கேட்கும் திரை வருகின்றது. 'ஹேங் ஆகிவிட்டது' என்று நாம் ஒரே சொல்லாற் கூறும் நோய், இந்நான்கில் எப்படியிலும் நேரலாம். அதற்கேற்ப மருந்தும் வேறாகும்.

முத்திரையோடு நின்றுவிடுமாயின் குறை முதற்படியிலுள்ளது. யு.எஸ்.பி. துளைகளிற் செருகியுள்ள பென் டிரைவ், மவுஸ் முதலிய அனைத்தையும் நீக்கி மீண்டும் ஒருமுறை முயலுதல் வேண்டும். எளிய இச்செயலே சில வேளைகளில் போதுமானதாகும்.

'மீள்கின்றது' என்னும் பொருள்படும் சொல் திரையில் நின்றுகொண்டே இருப்பின், அஃது இரண்டாம் படி. இங்கே நம்மவர் செய்யும் முதற்பிழை அவசரம். விண்டோஸ் 10-இல் இந்நினைவுக் கோப்பின் முழு வகை, இயல்பாக ரேமின் அளவில் 40 விழுக்காடாக அமைக்கப்படும். 8 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் அது 3 ஜி.பி.க்குச் சற்று மிகும். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. அளவே படிக்குமெனக் கொண்டால், கோப்பு நிறைந்துள்ளபொழுது அதனைப் படிக்கவே அரை நிமிடம் ஆகும். வட்டு தேய்ந்திருப்பின் அதனினும் நீளும். வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரையில் கணினி உழைத்துக்கொண்டிருக்கின்றது என்று உணர்ந்து, மூன்று நான்கு நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். பத்து நொடியில் பொத்தானை அழுத்தி அணைப்பவன், உண்பவன் கையிலிருந்து இலையைப் பறிப்பவனை ஒப்பான்.

திரை இருண்டு நின்றால் பெரும்பாலும் மூன்றாம் படியிலே குறையுண்டு. அப்பொழுது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்க. அதன் விளக்கு ஏற்றமும் அணைவும் காட்டுமாயின், கணினியின் உயிர் நீங்கவில்லை, இருண்டது திரையே. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே பற்றிக்கொண்டு 'பி' என்னும் எழுத்தை அழுத்தினால், திரையை இயக்கும் டிரைவர் மீளத் தொடங்கும். இதனால் திரை ஒளி பெறுமாயின், நோய் அந்த டிரைவரிடத்தது என்பது ஏறக்குறையத் துணிவாம். விளக்கும் அசையாதாயின் உயிர்நிலையே கட்டுண்டது என்று கொள்ளலாம்.

மவுஸின் சுட்டி நகர்ந்தும், சொடுக்கியது எதுவும் திறவாது நிற்குமாயின், அது நான்காம் படி. இங்கே பெரிதும் ஐயுறத் தக்கது வட்டு. துயிலில் மின்சாரம் சேமிக்கும்பொருட்டு ஒடுங்கிய எஸ்.எஸ்.டி. மீண்டும் விடை கூறத் தாழ்க்குமாயின், அதனை எதிர்நோக்கிய செயலிகள் அனைத்தும் வரிசையில் நின்றுவிடும்.

வேறு வழியின்றிக் கணினியை அழுத்தி அணைத்து மீளத் தொடங்கிய பின்னரும் ஆராய்ச்சி முடிவதில்லை. விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' என்னும் நாட்குறிப்பு உண்டு. அதனைத் திறப்போர் பலர், 'கர்னல்-பவர் 41' என்னும் சிவப்புக் குறியைக் கண்டு, நோய் அகப்பட்டது என மகிழ்வர். அவ்வெண் கூறுவது, கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீளத் தொடங்கிற்று என்பது ஒன்றே. அது சாக்காட்டுப் பதிவேட்டில் 'இறந்தான்' என்று எழுதியதை ஒக்கும். எதனால் இறந்தான் என்பதை அதற்கு முந்திய வரிகளிலேயே தேடுதல் வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு இதனினும் சிறந்த கருவியொன்று உண்டு. அதன் கர்னலை எழுதியோர், துயிலைப் படிப்படியாகச் சோதிக்கும் வழியை அதனுள்ளேயே அமைத்துள்ளனர். முதலில் செயலிகளை மட்டும் உறையச் செய்து, ஐந்து நொடி பொறுத்து, மீளச் செய்யலாம். அது நன்று எனின் டிரைவர்களையும் சேர்க்கலாம். பின்னர் பயாஸைச் சார்ந்தவற்றையும், அதன்பின் முதலாவதல்லாத ஏனைய செயலகங்களையும், இறுதியில் அடிப்படை உறுப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒத்திகை பார்க்கலாம். எப்படியில் கணினி மீளவில்லையோ அப்படியிலே நோய் உள்ளது. இக்கருவியைப் படைத்தோர் இதனைப் படைத்ததிலிருந்தே ஒன்று விளங்குகின்றது. கணினியின் உள்ளும் புறமும் அறிந்தோரே, துயிலின் பிழையை ஒரே பார்வையிற் காண இயலாது என்று ஒப்பி, படிமுறையை நாடினர். நாம் மட்டும் ஒரே அடியில் முடிவு காண முயலுதல் தகுமோ?

தமிழ்நாட்டு மாணவர்க்கே சிறப்பாக உரிய ஒரு காரணத்தையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அரசுப் பள்ளி கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனத்தின் வழி வாங்கப்பட்ட அக்கணினிகளில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே அமைக்கப்பட்டு வந்தன. பாஸ் என்பது, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையில் ஆக்கப்பெற்றது. பல இலட்சம் குடும்பங்களுக்கு முதற் கணினியாக வந்தது இதுவே. அவற்றுள் சில, அண்ணன் கையினின்று தங்கை கைக்கு வந்து, இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரே வீட்டில் இருவர் குடியிருந்தால் இருவரும் ஒழுங்கு பேணுதல் வேண்டும். விண்டோஸ் நெடுந்துயில் கொள்ளுங்கால், வட்டில் எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்னும் கணக்கையும் தன் நினைவோடு சேர்த்து எழுதி வைத்துவிடும். அது துயிலும்பொழுது லினக்ஸைத் திறந்து, அதே வட்டின் விண்டோஸ் பகுதியில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய கணக்கையே மெய்யென நம்பிச் செயற்படும். விளைவு, கோப்புகள் சிதைதலும் கணினி திகைத்து நிற்றலுமாம். லினக்ஸிலுள்ள கருவி, துயிலும் பகுதியில் எழுத மறுத்து எச்சரிக்கையும் செய்யும்; அவ்வெச்சரிக்கையைப் படியாது வலிந்து எழுதுவோர்க்கே இத்தீங்கு நேர்கின்றது.

இதனினும் மறைவானது ஒன்றுண்டு. 2012-ஆம் ஆண்டு விண்டோஸ் 8 வெளிவந்தது முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் விரைவுத் தொடக்கம் இயல்பாகவே அமைக்கப்பட்டு வருகின்றது. இதனால் 'ஷட் டவுன்' செய்தாலும் கணினி முழுவதும் அணைவதில்லை. அதன் உட்கரு நெடுந்துயிலிலேயே இருக்கின்றது. அணைத்துவிட்டேன் என்று உரிமையாளர் கூறுவது மெய்யே. அணையவில்லை என்பதும் மெய்யே. முற்றிலும் புதிதாகத் தொடங்க வேண்டுவோர் 'ரீஸ்டார்ட்' செய்தல் வேண்டும். இரண்டு இயங்குதளம் உடையோர் அவ்விரைவுத் தொடக்கத்தை நீக்கிவிடுதலே நன்று. இவ்வொரு செய்தியை அறியாமையால் எத்தனை கணினிகள் வீணே துடைக்கப்பட்டனவோ!

நோயிடம் தெரிந்தபின் மருந்துகள் எளியனவே. நினைவுக் கோப்புக் கெட்டது என்று ஐயுற்றால், நெடுந்துயிலை ஒருமுறை நீக்கி மீள அமைக்க. பழைய கோப்பு அழிந்து புதியது உண்டாகும். திரை டிரைவர் என்றால், மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அம்மாதிரிக்கு உரியதையே பெற்று நிறுவுக. புதுப்பித்த பின்னரே நோய் தொடங்கிற்றெனின், முந்தியதற்கே மீள்க. வட்டு என்றால், முதலில் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, பின்னர் அதன் நலத்தைச் சோதிக்க. பயாஸைப் புதுப்பித்தல் ஏனையவற்றின் பின்னரே. அதுவும் மின்கலம் நிறைந்து, மின்னிணைப்பும் உள்ளபொழுதே. இடையில் மின்சாரம் நின்றால் கணினியே எழாமற் போகலாம். நம் ஊர் மழைநாளில் அதனைத் தொடங்குதல் அறிவுடைமையன்று. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் மூன்று முறையேனும் துயிலச் செய்து எழுப்பி, நாளும் விளைவும் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து நோய் நீங்கினாலும், எது மருந்து என்பதை அறியாதவராகவே இருப்போம்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு, நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தம் ஊர்ப் பனையேறிகள் வழங்கும் சொற்களைத் தொகுத்து வந்தார். திளாப்பு, முருக்குத்தடி, அருவாப்பெட்டி என்று தொடங்கிச் சில நூறு சொற்கள். அவற்றைச் சொன்ன முதியோரின் குரற்பதிவுகளும் உடன் இருந்தன. அவருடைய கணினி, நெடுந்துயிலினின்று எழும்பொழுதெல்லாம் இருண்டு நின்றது. கடையொன்றில் கொடுத்தார்; இரண்டு மணிநேரத்தில் தூய்மையாகத் திரும்பிற்று. சொற்களும் குரல்களும் அதனுடன் போயின. 'பேக்கப் இருக்கிறதா என்று கேட்டோம். தலையசைத்தீர்கள்' என்றனர் கடையினர். கேட்டவர் இயங்குதளத்தைக் கருதினார். தலையசைத்தவர் வேறொன்றைக் கருதினார் போலும். அக்குரல்களுக்கு உரியோருள் இருவர் இன்று இல்லை.

இரு வாரங்களுக்குள் அக்கணினி மீண்டும் இருண்டு நின்றது என்பதே இதில் உள்ளத்தை உறுத்துவது. விடுதித் தோழர் ஒருவர் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்த்தார், விளக்கு அசைந்தது. திரை டிரைவரை உரியதாக மாற்றினார்; அன்று தொட்டு அக்கணினி ஒழுங்காக எழுகின்றது. அரைமணி நேர வேலை அது. நோய் எங்கிருந்ததோ அங்கே யாரும் தொடாமலே, நோயில்லாத இடமெல்லாம் துடைக்கப்பட்டிருந்தது. அழித்தலின் குற்றம் பொருளை இழப்பது மட்டுமன்று. நோயின் தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகின்றது. துடைத்த கணினியிடம் வினவுவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

நம் முன்னோர் சிதைந்த ஏட்டை நடத்திய முறை வேறு. 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், செல்லரித்த ஓலையைக் கண்டு அதனை அடுப்பிலிடவில்லை. பல பிரதிகளைத் தேடி ஒப்பு நோக்கி, வேறுபட்ட பாடங்களைக் குறித்து, பிழை எவ்விடத்துப் புகுந்தது என்று ஆராய்ந்தார். ஒப்பு நோக்குதல், குறித்தல், பிழை புகுந்த இடம் காணுதல் என்னும் இம்மூன்றுமே கணினி நோய்க்கும் வேண்டுவன. பதிப்பு முறையைப் பாடமாகப் பயிலும் மாணவன், இதனைத் தன் மேசைமேல் உள்ள பொறிக்கும் பயன்படுத்தினால் என்ன?

மறுத்துக் கூறுவோர் கூற்றையும் கேட்போம். கடைக்காரர் நிலையை நினைக்க என்பர் சிலர். அது நேர்மையான கூற்றே. ஒரு கணினிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில், ஃபார்மட் செய்ய ஆகும் நேரம் முன்னரே தெரிந்தது. ஆராய்ச்சிக்கு ஆகும் நேரம் தெரியாதது. வாடகையும் மின்கட்டணமும் கொடுக்க வேண்டியவர் தெரிந்ததையே தேர்வார். ஆகலின் குறை அவரிடம் மட்டுமில்லை. 'சீக்கிரம் வேண்டும்' என்பதல்லாது வேறொன்றும் சொல்லாத நம்மிடமும் உண்டு. 'முத்திரை தோன்றுகின்றது, பின் இருள்கின்றது, விளக்கு அசைகின்றது' என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால், அவர் ஆராய்ச்சியிற் பாதி முடிந்துவிடும்.

நெடுந்துயிலையே நீக்கிவிட்டால் தொல்லையில்லையே என்பர் வேறு சிலர். திருத்த இயலாத பழைய கணினிகளுக்கு அதுவே தக்க மருந்து என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயின் எல்லார்க்கும் அதனை விதித்தல் ஆகாது. சிறுதுயிலில் மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும். மின்சாரம் நின்ற இரவில் கரைந்து முடிந்தால், சேமியாத எழுத்தெல்லாம் போகும். கால் வலிக்கின்றது என்று நடையையே கைவிடுவது எல்லாக் கால்வலிக்கும் மருந்தாகாது.

எல்லாம் இணையத்திலேயே சேமிக்கப்படும் இக்காலத்தில் அச்சம் எதற்கு என்பாரும் உளர். இணையக் கட்டணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவன் மணிக்கணக்கான குரற்பதிவை ஏற்றுதல் எளிதன்று. அன்றியும், கணினி உறைந்த கணத்தில் திறந்திருந்து சேமிக்கப்படாத பக்கம் எந்த இணையத்திலும் இராது.

ஆகலின் மூன்று செய்திகளை நம் கல்லூரியார்முன் வைக்கின்றேன். முதலாவது, கணினியைக் கடையிற் கொடுக்கும் மாணவர் ஒவ்வொருவரும், முதலில் படியெடுத்தல், அடுத்து நோயிடம் குறித்தல், அழிப்பதாயின் தம்மைக் கேட்டே அழித்தல் என்னும் மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். இரண்டாவது, கணினித் துறை மாணவரும் தமிழ்த் துறை மாணவரும் கூடி, மேற்கூறிய நான்கு படிகளையும் அவற்றின் அறிகுறிகளையும் ஒரே தாளில் நல்ல தமிழில் எழுதி, சேலையூர், தூய தோமா, பிஷப் ஹீபர் முதலிய விடுதிகள்தோறும் ஒட்டுதல் வேண்டும். பொறியறிவு உடையார்க்கு மொழியும், மொழியறிவு உடையார்க்குப் பொறியும் இதனால் ஒருங்கே கைவரும். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, அன்று அனைவரும் தத்தம் ஆய்வுக் கோப்புகளை வேறொரு வட்டிற் படியெடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் துறைகள் ஏற்படுத்துதல் வேண்டும். இம்மூன்றிற்கும் பெரும்பொருட் செலவில்லை.

துயிலெழுந்து திகைத்து நிற்கும் கணினி இறந்த கணினியன்று. தான் எவ்விடத்து நின்றேன் என்பதை, விளக்காலும் திரையாலும் நாட்குறிப்பாலும் அது சொல்லிக்கொண்டே இருக்கின்றது. கேட்பதற்கு நாம் ஒதுக்க வேண்டுவது அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தை மறுத்து, பல திங்கள் உழைப்பையும், மீண்டும் ஒருமுறை கேட்க இயலாத குரல்களையும் விலையாகக் கொடுப்பது நல்ல வாணிகமன்று.